ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் வீடு பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஆகன் நகரில் மாஸ்டர்ஸ் முடித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் மே மாதம் பிறந்ததும் போன் வரத் தொடங்கும். கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய நண்பர்கள், சில நேரம் பெற்றோரே பேசுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் பாதி சொல்லி பாதி விட்டுப்போகிறது என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்கள் அதில்தான் வந்து நிற்கும். அறை பெரிதா, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். அந்த முகவரியில் உங்கள் பெயரை அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

1. அக்கா, அட்மிஷன் வந்துடுச்சு, விசா இன்னும் வரலை. வீடு இப்பவே தேடணுமா, போய்த் தேடிக்கலாமா?

மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். விசா வரட்டும் என்று காத்திருந்தால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். தனியார் வீடு, பகிர்வு வீடு ஆகியவற்றுக்கு இப்போது தேடி அலுத்துப்போக வேண்டாம். குளிர்காலப் பருவம், அதாவது செமஸ்டர், அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குக் காலியாகும் அறைகளின் விளம்பரங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அதிகம் வரும். ஜூன் மாதம் நீங்கள் பார்க்கும் "அக்டோபர் முதல் காலி" விளம்பரங்களில் ஏமாற்று வேலையும் கலந்திருக்கும் (8-வது பதிலைப் பாருங்கள்).

ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்கு வருகிறவர்களுக்கு நெருக்கடி குறைவு. அக்டோபரில் வருகிறவர்கள் முடிந்தால் செப்டம்பர் நடுவிலேயே வந்து சேருங்கள். ஊரில் இருந்துகொண்டு நேரில் போய்ப் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, வீடியோ காலில் பார்க்கிறவருக்குக் கிடைப்பதில்லை.

2. யூனிவர்சிட்டியே ஹாஸ்டல் தராதா? அட்மிஷன் லெட்டர்ல ரூம் பத்தி ஒண்ணுமே இல்லையே?

தராது. நம் ஊர்க் கல்லூரிபோல அட்மிஷனோடு ஹாஸ்டலும் வரும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஜெர்மனியில் மாணவர் விடுதிகளையும் கேன்டீனையும் நடத்துவது 'ஸ்டுடீரெண்டன்வெர்க்' என்ற தனி அமைப்பு. நாடு முழுக்க 57 இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் வட்டாரத்துக்குப் பொறுப்பு. செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. ஆனால் அறைக்கு அவர்களுடைய தளத்தில் நீங்கள்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இருப்பதிலேயே வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் இதுதான், பதிவுக்கும் சிக்கல் இல்லை. அதனால் வரிசை நீளம். மியூனிக்கில் பல செமஸ்டர் காத்திருக்க நேரும். கெம்னிட்ஸ், இல்மெனாவ் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் சீக்கிரம் கிடைக்கும். பல ஊர்களில் குறிப்பிட்ட இடைவெளியில் "இன்னும் அறை வேண்டுமா" என்று மின்னஞ்சல் வரும், பதில் போடாவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நம் பிள்ளைகள் கவனிக்காத ஒரு வழியும் உண்டு. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகள் நடத்தும் மாணவர் விடுதிகள் பல ஊர்களில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் எந்த மதத்தினரையும் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டமாகச் சமைப்பது, மாதம் ஒரு கூட்டம் என்று கொஞ்சம் கூட்டுவாழ்க்கை எதிர்பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

3. எல்லாரும் வேகே வேகேன்னு சொல்றாங்களே, அது என்னக்கா?

ஒரே வீட்டை மூன்று, நான்கு பேர் பகிர்ந்துகொள்வது. ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது. பெரும்பாலோர் தேடுவது 'வேகே-கெசூக்ட்' என்ற தளத்தில். வீட்டுக்காரரைவிட அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். வரச்சொல்லி அரைமணி நேரம் பேசுவார்கள், பெண் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

"டியர் சார், ஐ ஆம் இன்ட்ரெஸ்டெட்" என்று ஐம்பது பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால் பதில் வராது. விளம்பரத்தை முழுதாகப் படித்து, அதில் அவர்கள் சொன்ன ஏதாவது ஒன்றைத் தொட்டு எழுதுங்கள். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், எப்போது தூங்குவீர்கள், என்ன சமைப்பீர்கள் என்று ஏழெட்டு வரி போதும். ஜெர்மனில் எழுத முடிந்தால் இன்னும் நல்லது, தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

4. வாடகை எவ்வளவு ஆகும்? ஒரே வீட்டுக்கு ரெண்டு வாடகை போட்டிருக்கே, எதைக் கட்டணும்?

'கால்ட்மீட்டே' என்பது வெறும் இடத்துக்கான வாடகை. அதோடு வெப்பம், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் போன்ற 'நேபன்கோஸ்டன்' சேர்ந்தால் 'வார்ம்மீட்டே'. மாதாமாதம் கட்டுவது இரண்டாவதைத்தான். மின்சாரமும் இன்டர்நெட்டும் வார்ம்மீட்டேயில் இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், கேளுங்கள். நேபன்கோஸ்டன் முன்பணமாக வாங்கப்பட்டால் வருடக் கணக்கு முடிந்தபின் மிச்சம் திரும்பி வரலாம், கூடுதலாகக் கட்டவும் நேரலாம். நிலையான தொகை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த பயம் இல்லை.

ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மோசஸ் மெண்டல்ஸோன் நிறுவனத்தின் கணக்குப்படி 2024-25 குளிர்காலப் பருவத்தில் ஒரு வேகே அறையின் சராசரி வாடகை நாடு முழுவதற்கும் 489 யூரோ, மியூனிக்கில் மட்டும் 790. உங்கள் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு) மாதம் வருவது 992 யூரோ (2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904). மியூனிக்கில் வாடகை போக 200 யூரோ மிஞ்சும். அதில் சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, போன். இரண்டு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் ரேங்கிங்கோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இன்னொரு மாதச் செலவு: 'ருண்ட்ஃபுங்க்பைட்ராக்' என்னும் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம், 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் உண்டு. ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்கு ஒன்று. வேகேயில் ஒருவர் கட்டினால் மற்றவர்கள் அவரிடம் பங்கு கொடுக்கலாம். விடுதியில் கட்டடத்துக்குள் இருக்கும் பொதுத் தாழ்வாரத்திலிருந்து நேராகத் திறக்கும் அறை தனி வீடாகக் கணக்காகும்.

5. ஆன்மெல்டுங் ஆன்மெல்டுங்னு பயமுறுத்துறாங்க. அது இல்லாம சமாளிக்க முடியாதா?

முடியாது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவுக்குத்தான் ஆன்மெல்டுங் என்று பெயர். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நேரம் கிடைக்காததால் சில நாள் தள்ளிப்போனால் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் நேரம் பதிவு செய்ததற்கான சான்றைக் கையில் வைத்திருங்கள்.

பதிவுக்கு பாஸ்போர்ட்டோடு ஒரு தாள் வேண்டும். "இவர் இந்த வீட்டுக்கு இந்தத் தேதியில் குடிவந்தார்" என்று வீடு கொடுப்பவர் கையெழுத்திட்டுத் தரும் 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்'. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஒரே பக்கம்தான். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. அதனால் வீடு பேசும்போதே "ஆன்மெல்டுங் முடியுமா, அந்தத் தாள் தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பகுதிநேர வேலைக்கு வேண்டிய வரி எண் இந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும். விசாவை மாணவர் தங்கல் அனுமதியாக மாற்ற வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும்போதும் முதலில் கேட்பது இதைத்தான். சில வங்கிகள் கணக்குத் திறக்கவும் கேட்கும்.

6. பதிவெல்லாம் பண்ணியாச்சு, ஆனா ஒரு லெட்டரும் வரலைக்கா. ஒன்றரை மாசம் ஆச்சு?

தபால் பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறீர்கள்? இதைத்தான் நான் முதலில் கேட்பேன். பெரிய கட்டடங்களில் கீழ்த்தளத்தில் வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் விரல் அகலச் சீட்டு. முகவரியில் நம் ஊர்போல கதவு எண், மாடி எல்லாம் பெரும்பாலும் இருக்காது. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இங்கே நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அரசுக் கடிதங்கள் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் வரும். நான் வந்த புதிதில் என் பெயரை மட்டும் அழகாக எழுதி ஒட்டி வைத்திருந்தேன். வரி எண் வந்த கடிதம் திரும்பிப் போய், மறுபடி விண்ணப்பித்து வாங்குவதற்குள் பகுதிநேர வேலையில் முதல் மாதச் சம்பளத்தில் அதிக வரி பிடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அழைப்பு மணியிலும் அப்படியே.

7. முதல் மாசம் ஏர்பிஎன்பி-யில தங்கிட்டு மெதுவா தேடலாமா?

தங்கலாம், ஆனால் அங்கே பெரும்பாலும் பதிவு செய்ய முடியாது. பயணிகள் தங்கும் ஹாஸ்டல், ஹோட்டலுக்கும் இதேதான். அதைவிட 'ட்ஸ்விஷன்மீட்டே' தேடுங்கள். ஒருவர் இன்டர்ன்ஷிப்புக்கோ விடுமுறைக்கோ வெளியூர் போகும்போது தன் அறையை இரண்டு, மூன்று மாதத்துக்கு வாடகைக்கு விடுவது. கட்டில் மேசை எல்லாம் இருக்கும், பலரும் பதிவுக்கும் சம்மதிப்பார்கள். வீட்டு உரிமையாளர் இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். அனுமதியில்லாத உள்வாடகை தெரியவந்தால் நடுவில் வெளியேற வேண்டியது நீங்கள்தான்.

ஏற்கெனவே அங்கிருக்கும் சீனியர் அறையில் ஒரு வாரம் விருந்தாளியாகத் தங்குவதில் தவறில்லை. ஒரு வாரம் ஒரு செமஸ்டராக நீளும்போதுதான் தகராறு, அதை 11-ல் சொல்கிறேன்.

8. ஓனர் லண்டன்ல இருக்காராம், ரொம்ப நல்லவரா பேசுறார். முன்பணம் அனுப்பினா சாவியை கூரியர்ல அனுப்புறேங்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். இந்தக் கதையை வருடத்துக்கு நான்கைந்து முறை கேட்கிறேன். ஊர் மட்டும் மாறும், லண்டன், மாட்ரிட், ஒஸ்லோ. "வேலை மாறிப் போய்விட்டேன், வீடு சும்மா கிடக்கிறது, நல்ல பையனுக்கு, நல்ல பெண்ணுக்குக் கொடுக்க ஆசை" என்பார்கள். நகர மையத்தில், பளபளக்கும் மரத்தரையோடு, 380 யூரோவுக்கு. தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்புவார். அது இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். உங்களிடமும் பாஸ்போர்ட் நகல் கேட்பார், அடுத்தவரை ஏமாற்ற அது பயன்படும். பணத்தை ஏதோ ஒரு தங்கும்விடுதித் தளம் பத்திரமாக வைத்திருக்கும் என்று ஒரு லிங்க் வரும். அந்தப் பக்கமே போலி.

மதுரைக்காரத் தம்பி ஒருவன் அப்படி 900 யூரோ இழந்தான். விமானத்திலிருந்து இறங்கி, இரண்டு பெரிய சூட்கேஸோடு நேராக அந்த முகவரிக்குப் போயிருக்கிறான். தெரு இருந்தது, கட்டடமும் இருந்தது. கதவைத் திறந்த அம்மா அந்த வீட்டில் பதினைந்து வருடமாகக் குடியிருப்பவர். அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, போலீஸ் நிலையத்துக்கு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார். புகார் கொடுத்தான், பணம் வரவில்லை.

நான் சொல்லும் முறை இதுதான். நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் நேரலை வீடியோ காலில் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் போக வேண்டும். ஸ்டுடீரெண்டன்வெர்க் விடுதிக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே இந்தியாவிலிருந்தே முன்பணம் கட்டச் சொல்வது வழக்கம். அப்போதும் பணம் கேட்கும் மின்னஞ்சல் அவர்களுடைய அதிகாரபூர்வ முகவரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள்.

9. ஷூஃபா சர்டிஃபிகேட் கேக்குறாங்க. இப்பத்தான் வந்தேன், எங்க போறது?

நம் ஊர் சிபில் மாதிரி, கடன் நாணயத்தைக் காட்டும் அறிக்கை அது. புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. அதை அப்படியே சொல்லுங்கள். அட்மிஷன் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம், ஸ்காலர்ஷிப் இருந்தால் அதன் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து அனுப்புங்கள். பெரிய வீட்டு நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், தனி உரிமையாளர்களும் வேகேக்களும் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

10. அட்வான்ஸ் எவ்வளவு கேப்பாங்க? புரோக்கருக்குத் தனியா தரணுமா?

அட்வான்ஸுக்கு 'கௌட்சியோன்' என்று பெயர். அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டே, அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மூன்று சம தவணையாகக் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு இது ஆறுதல்தான். நீங்களாக அமர்த்தாவிட்டால் புரோக்கர் கமிஷனும் கிடையாது. 2015 ஜூன் முதல், புரோக்கரை யார் அமர்த்துகிறாரோ அவரே பணம் தர வேண்டும் என்பது சட்டம்.

ஒரு எச்சரிக்கை. பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கிடந்தாலும் மாதம் 992-க்கு மேல் எடுக்க முடியாது. அதனால் அட்வான்ஸுக்கும் முதல் மாத வாடகைக்கும் தனியாகப் பணம் கொண்டுவர வேண்டும். கல்விக்கடன் வாங்கும்போதே அப்பாவிடம் இதைச் சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் வட்டிக்கு வாங்கி அனுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும்.

11. ஒரு ரூமை நானும் ஃப்ரெண்டும் பாதிப் பாதி போட்டுக்கலாமா? ஊர்ல நாலு பேர் இருந்தோமே?

மாணவர் விடுதியில் ஒருவருக்கான அறை ஒருவருக்குத்தான். இரண்டாமவர் நிரந்தரமாகத் தங்கினால் இருவருக்கும் சிக்கல். அவருக்கு அங்கே பதிவும் கிடைக்காது, எனவே 5-ல் சொன்ன எல்லாமே அவருக்கு நின்றுபோகும். தனியார் வீட்டில் உரிமையாளர் சம்மதித்து, இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருந்தால் தாராளமாக இருக்கலாம். நண்பர்கள் சேர்ந்து இருக்க விரும்பினால் இரண்டு அறை வீடாகப் பாருங்கள். இங்கே ஹாலையும் சேர்த்துத்தான் அறை எண்ணுவார்கள், சமையலறையையும் குளியலறையையும் எண்ண மாட்டார்கள். 'இரண்டு அறை வீடு' என்றால் நம் கணக்கில் ஒரு பெட்ரூம், ஒரு ஹால்.

12. காலியா ஒரு வீடு கிடைச்சிருக்கு, வாடகை கம்மி. ஃபர்னிச்சர் இல்லாட்டி என்ன, வாங்கிக்கலாம்ல?

சில வீடுகளில் சமையலறையே இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயும், அடுப்புக்கான வயர் முனையும் மட்டும் இருக்கும். கூரையில் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர் தொங்கும். குடியிருந்தவர் காலி செய்யும்போது அலமாரி, சிங்க், அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவது இங்கே சாதாரணம். அல்லது அவற்றை விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார். இரண்டு வருடப் படிப்புக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. முதல் வருடமாவது எல்லாம் உள்ள அறையையே பாருங்கள்.

13. ஊருக்கு வெளிய வாடகை பாதிதான். ஆகன்ல படிக்கிறேன், வால்ஸ்ல ரூம் கிடைக்குது, பஸ்ல கால்மணி நேரம். போகலாமா?

வெளியே தங்குவது நல்ல யோசனைதான். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு முழுவதும் செல்லும் ஜெர்மனி டிக்கெட் அடங்கும். தனியாக வாங்கினால் அது 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ, மாணவர் டிக்கெட்டில் அதில் 60 சதவீதம்தான். தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. ஆகனுக்கு ஸ்டோல்பெர்க், எஷ்வைலர், டூரன் எல்லாம் ரயிலில் வந்துபோகும் தூரம். இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்து முடிவெடுங்கள், லேபில் வேலை இருக்கிறவர்களுக்கு அது முக்கியம்.

ஆனால் வால்ஸ் வேண்டாம். அது நெதர்லாந்து. எல்லையில் வேலி இல்லை என்பதால் பக்கத்துத் தெருபோலத் தெரியும். ஐரோப்பிய ஒன்றிய மாணவர்கள் அங்கே குடியிருந்து ஆகனில் படிக்கிறார்கள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் ஜெர்மன் விசாவோடு வந்த நமக்கு அங்கே குடியிருக்க உரிமை கிடையாது, சுற்றிப் பார்க்கப் போகலாம், அவ்வளவுதான். ஜெர்மனியில் முகவரி இல்லாமல் தங்கல் அனுமதியும் நீளாது.

14. சமைச்சா வாசனை வருதுன்னு சண்டை வருமா? சாம்பார் இல்லாம என்னால முடியாதுக்கா.

சாம்பார் வைத்து யாரும் வீடு இழந்ததில்லை. சண்டை வந்தால் பெரும்பாலும் தாளிப்பால் வரும். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது எழும் புகை, மூடிய ஜன்னல்களுக்குள் இரண்டு நாள் நிற்கும், கூடத்தில் தொங்கும் கோட்டுகளில் ஏறும். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். கதவைத் திறந்துபோட்டால் வெளியே இருக்கும் புகை உணரி அலறும், சில விடுதிகளில் அது தீயணைப்பு நிலையத்துக்கே போகும். பொய் அழைப்புக்கான செலவை உங்களிடம் கேட்கவும் கூடும்.

வெள்ளை மேடையில் மஞ்சள் கறை படிந்தால் போகாது, கீழே ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு பெரும்பாலும் மின்சாரம்தான். இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய இட்லிப் பானையும் குக்கரும் சூடாகாது, ஊரிலிருந்து தூக்கிவரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாவு குளிரில் புளிக்காது என்று எல்லோரும் புலம்புவார்கள். ஓவனைப் போடாமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். ஓவன் பொது என்றால் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

15. பொண்ணைத் தனியா அனுப்புறோம். ஆண்களும் பெண்களும் ஒரே வீட்டுல இருப்பாங்கன்னு சொல்றாங்களே, பயமா இருக்குமா?

இந்தக் கேள்வியை அம்மாக்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்பதில் தவறே இல்லை. விளம்பரங்களில் 'பெண்கள் மட்டும்' என்று தனியாகவே போடும் வேகேக்கள் ஏராளம், தேடும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. விடுதி விண்ணப்பத்திலும் பெண்களோடு மட்டும் பகிரும் வீடு வேண்டும் என்று குறிப்பிடக் கேட்டுப் பாருங்கள். கலப்பு வீட்டிலும் ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத அறை வேண்டாம். நான் இரண்டு வருடம் இரண்டு ஜெர்மன் பையன்கள், ஒரு போலந்துப் பெண் இருந்த வீட்டில் இருந்தேன். காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனாலும் மகளுக்கு எது மனசுக்குச் சரியாக இருக்கிறதோ அதையே முடிவாக வையுங்கள்.

16. பதிவுக்கு அட்ரஸ் மட்டும் தர்றேன், 300 யூரோ கொடுங்கறார் ஒருத்தர். எல்லாரும் பண்றாங்களாமே?

வேண்டவே வேண்டாம். குடியிருக்காத முகவரியில் பதிவது சட்டவிரோதம். அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம், பதிகிறவரும் தப்ப முடியாது. அதைவிட, உங்கள் வங்கிக் கடிதம், தங்கல் அனுமதிக் கடிதம் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். வீடு கிடைக்காமல் தவிக்கிறீர்கள் என்றால் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் மாணவர் பேரவைக்கும் போய்ச் சொல்லுங்கள். அக்டோபரில் பல ஊர்களில் அவர்கள் அவசரத் தங்குமிடம் ஏற்பாடு செய்கிறார்கள்.

17. ஒப்பந்தம் வந்திருக்கு, பன்னிரண்டு பக்கம் ஜெர்மன். கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் பிடிக்கலைன்னா மாறிக்கலாம்ல?

மாறுவது எப்படி என்பதும் அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்குள்தான் இருக்கிறது. 'உன்பெஃப்ரிஸ்டெட்' என்றால் காலவரை இல்லாத ஒப்பந்தம். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த மாதமும் கணக்கில் சேரும். காகிதத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப், மின்னஞ்சல் செல்லாது. 'பெஃப்ரிஸ்டெட்' என்றால் குறிப்பிட்ட காலத்துக்கானது. அதற்கு முன் சாதாரணமாக வெளியேற முடியாது. இடையில் இன்டர்ன்ஷிப் வேறு ஊரில் கிடைத்தாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். தனியார் மாணவர் குடியிருப்புகளில் பன்னிரண்டு மாதம் கட்டாயம் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விடுதி ஒப்பந்தங்களுக்கு அவர்களுடைய சொந்த விதி உண்டு, பெரும்பாலும் செமஸ்டர் முடிவோடு ஒட்டியிருக்கும்.

புரியவில்லை என்றால் கையெழுத்துக்கு முன் மாணவர் பேரவையின் சட்ட ஆலோசனைக்குக் கொண்டுபோங்கள், பல இடங்களில் இலவசம். கூடவே 'ஹாஃப்ட்ஃப்ளிக்ட்' காப்பீடு (நம்மால் பிறருக்கு வரும் சேதத்துக்கானது) ஒன்று எடுங்கள், மாணவர்களுக்கு மாதம் சில யூரோதான். சாவி தொலைந்தால் ஒரு பூட்டை மட்டும் மாற்ற மாட்டார்கள். கட்டடம் முழுவதும் ஒரே பூட்டுத் தொகுதியாக இருந்தால் அத்தனையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும். சாவித் தொலைப்பு அந்தக் காப்பீட்டில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.

18. படிப்பு முடிஞ்சு கிளம்புறேன். அட்வான்ஸ் முழுசா திரும்ப வருமா?

அது குடிவந்த நாளிலேயே பாதி முடிவாகிவிடும். சாவி வாங்கும்போது 'ஊபர்காபே ப்ரோட்டோகோல்' என்ற தாளில் அறையின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தரையில் கீறல், ஜன்னல் கைப்பிடி ஆட்டம், சுவரில் ஆணி ஓட்டை, எதையும் சின்னது என்று விடாதீர்கள். போட்டோவும் எடுத்து அன்றே மின்னஞ்சலில் அவருக்கு அனுப்புங்கள். என் முதல் வீட்டில் நான் இதைச் செய்யவில்லை. அலமாரிக்குப் பின்னால் பழைய பூஞ்சை இருந்தது, நான் அலமாரியை நகர்த்திக்கூடப் பார்த்ததில்லை. கிளம்பும்போது அது என்னால் வந்தது என்று உரிமையாளர் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பூஞ்சை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். குளிர் என்று ஜன்னலை நாள்முழுக்க மூடி, சோறு வடித்து, துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டால் ஈரம் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், ஜன்னலை அகலமாகத் திறந்துவிட்டு மூடுங்கள். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்துத் திறந்து நாள்முழுக்க விடுவதால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

சாவியைக் கொடுத்த மறுநாளே பணம் வராது. சேதம் ஏதும் இருக்கிறதா என்று சரிபார்க்க உரிமையாளர் சில மாதம் எடுத்துக்கொள்ளலாம். நேபன்கோஸ்டன் கணக்கு முடியாவிட்டால் ஒரு சிறு பகுதியை அதற்காக நிறுத்திவைக்கலாம். கணக்காண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அவர் கணக்குக் காட்ட வேண்டும். எனவே ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஜெர்மன் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். கணக்கு எண்ணையும் ஊர் முகவரியையும் எழுத்தில் கொடுத்து, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள். நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் 5-ல் சொன்ன அதே அலுவலகத்தில் பெயரை நீக்கிக்கொள்ளவும் வேண்டும், வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து இரண்டு வாரம் பின்புவரை அதற்கு அவகாசம் உண்டு. அந்தச் சான்றின் நகல் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள், வானொலிக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்த அதைத்தான் கேட்பார்கள்.